புட்டியின் மேல் ஒரு சீட்டு

பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் மதுவைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு நேயர்கள் புருவத்தை நெரிக்க வேண்டாம். நாம் அதை வாயில் வைத்து அறியோம்; இனி வைக்கும் உத்தேசமும் இல்லை. ஆயினும் பிரெஞ்சு தேசத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றின் சரித்திரம் நம் மனத்தைக் கவர்ந்தது. புட்டிக்குள் இருக்கும் பொருளைவிட, புட்டியின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பற்றியே நாம் சொல்ல வந்தோம்.

பிரான்ஸின் தென்மேற்கே, போர்தோ நகருக்கு வடக்கில், ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையோரமாக மெடோக் என்னும் பிரதேசம் இருக்கிறது. பல இடங்களிலும் சரளைக்கல் நிறைந்த பூமி. அந்தக் கற்களே திராட்சைக்கு வாழ்வு. மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுகிறது. கொடியின் வேரோ நீரை நாடி ஆழ இறங்குகிறது. இப்பிரதேசத்தில், போயாக் என்னும் ஊரில், சுமார் 200 ஏக்கர் பரப்பில் அமைந்திருப்பது மூட்டோன் ரோத்சைல்டு தோட்டம். 'கபர்னே சோவின்யோன்' என்ற கருந்திராட்சையே அங்கு முக்கியப் பயிர். பழம் கறுப்பாயினும் அதன் சாற்றுக்கு நிறமில்லை. தோலோடு சேர்ந்து புளிக்கும்போதுதான் செந்நிறம் ஏறுகிறது. பிறகு ஓக் மரப் பீப்பாய்களில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கிடந்து முதிர வேண்டும்.

ரோத்சைல்டு குடும்பத்தின் இங்கிலாந்துக் கிளையைச் சேர்ந்த நதானியேல் என்பவர் 1853-ல் இத்தோட்டத்தை ஏலத்தில் எடுத்துத் தம் குடும்பப் பெயரைச் சூட்டினார். இரண்டு வருஷங்கள் கழித்து, பாரிஸ் பொருட்காட்சியை முன்னிட்டு, போர்தோ தரகர்கள் விலையை ஆதாரமாகக் கொண்டு தோட்டங்களைத் தரம் பிரித்தார்கள். முதல் வகுப்பில் நான்கு தோட்டங்கள் தேறின. மூட்டோனுக்கு இரண்டாம் வகுப்பில் முதல் இடமே கிட்டியது. முதல் வகுப்பை மயிரிழையில் தவறவிட்ட மாணாக்கனின் மனநிலையை நாம் அறிவோம். அந்தக் குடும்பமும் அதை மறக்கவில்லை.

1922-ல், இருபதே வயதான பிலிப் பிரபு நிர்வாகத்தை ஏற்றார். அந்நாளில் மெடோக்கின் தோட்டக்காரர்கள் தங்கள் சரக்கைப் பீப்பாயோடு போர்தோ வியாபாரிகளுக்கு விற்றுவிடுவது வழக்கம். முதிர வைப்பதும் புட்டியில் அடைப்பதும் வியாபாரியின் கிடங்கில். அங்கே வேறு சரக்கு கலந்தாலும் தோட்டக்காரர் அறிய வழியில்லை. பழியோ தோட்டத்தின் பெயருக்கு. பிலிப் இதை ஒப்பவில்லை. 1924-ம் வருஷத்து மகசூல் முழுவதையும் தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கச் செய்தார். ழான் கார்லு என்ற சுவரொட்டிச் சித்திரக்காரரைக் கொண்டு அதற்கு ஒரு சீட்டும் வரைவித்தார். 1930-ல் விளைச்சல் தரம் குன்றியபோது, அந்த மதுவுக்கு மூட்டோனின் சீட்டை ஒட்ட மனமில்லாமல், 'மூட்டோன் காதே' என்று வேறு பெயரிட்டு விற்றார். 'காதே' என்றால் கடைக்குட்டி. பிலிப்பும் தம் வீட்டில் கடைக்குட்டியே!

அப்பால் வந்தது மகாயுத்தம். 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தது. ரோத்சைல்டுகள் யூதர்கள். விஷி சர்க்கார் பிலிப்பின் பிரஜா உரிமையைப் பறித்தது, தோட்டத்தைக் கைப்பற்றியது, அவரைச் சிறையிலும் இட்டது. விடுதலையான பின், பிரனீஸ் மலைகளைக் கால்நடையாகக் கடந்து, இங்கிலாந்து சென்று, தெகோல் தலைமையிலான சுதந்திரப் படையில் சேர்ந்தார். அவர் மனைவி எலிசபெத் யூத குலத்தில் பிறந்தவரல்லர். எனினும் கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. 1945 மார்ச்சில், ராவன்ஸ்புரூக் முகாமில் அந்த அம்மையார் உயிர் நீத்தார். புதல்வி பிலிப்பீன் தப்பிப் பிழைத்தாள்.

அவ்வருஷம் மே மாதத்துப் பனி அரும்புகளைக் கருக்கியது. எஞ்சிய சொற்பத்தைக் கடுங்கோடை முதிர வைத்தது. மகசூல் குறைவு, ஆனால் தரமோ அந்த நூற்றாண்டிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாயிற்று. அதன் புட்டிக்குச் சீட்டு எழுதும் பொறுப்பைப் பிலிப் ழூலியான் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார் பிரபு. வெற்றியைக் குறிக்கும் 'வி' என்ற எழுத்தும், 'வெற்றி ஆண்டு' என்ற வாசகமும் அதில் இடம்பெற்றன. மனைவியை இழந்த மனிதர் வெளியிட்ட சீட்டு அது.

அன்றுமுதல் வருஷத்துக்கு ஒரு புதுச் சித்திரம் என்பது அநேகமாக வழக்கமாகிவிட்டது. பிராக், டாலி, ஷகால் ஆகியோர் வரைந்திருக்கிறார்கள். 2009-ம் வருஷத்துச் சீட்டு, பம்பாயில் பிறந்த சிற்பி அனிஷ் கபூருடையது. சன்மானம் பணமன்று, மதுப் புட்டிகளே.

1973-ல், அப்போது விவசாய மந்திரியாயிருந்த ழாக் ஷிராக் கையெழுத்திட்ட உத்தரவினால் மூட்டோன் முதல் வகுப்புக்கு உயர்ந்தது. 118 வருஷங்களுக்குப் பின் வந்த பரீட்சை முடிவு! பிலிப் 1988-ல் காலமானார். பிலிப்பீன் 2014 வரை தோட்டத்தைக் காத்துத் தம் மக்களிடம் விட்டுச் சென்றார்.

விடைத்தாளில் பெயரெழுத மறக்கும் மாணாக்கரை நாம் கடிந்துகொள்வதுண்டு. இனி இந்தக் கதையையும் சொல்லலாம் என்றிருக்கிறோம். மது வருகிற இடங்களை மட்டும் சற்று வேகமாகத் தாண்டிவிடுவோம்.