கேம் கன்சோல் விலை குறையும்னு காத்திருக்கீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

"பிளேஸ்டேஷன் இப்ப வாங்கலாமா, இல்ல விலை குறையட்டும்னு வெயிட் பண்ணலாமா?" முதல் சம்பளம், முதல் போனஸ் வாங்குற பலருக்கும் வர்ற கேள்வி இது. இதுக்குப் பதில் சொல்லணும்னா, கன்சோல் கம்பெனிகள் விலையை எப்படி முடிவு பண்றாங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். அது புரிஞ்சுட்டா பதில் தானா வந்துடும்.

ஒரே மெஷின், ரெண்டு விலை

2025 ஜூன் 5-ஆம் தேதி நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 விற்பனைக்கு வந்துச்சு. அமெரிக்காவில் விலை 449.99 டாலர். ஜப்பானில் 49,980 யென். அப்போதைய மாற்று விகிதத்தில் அது சுமார் 350 டாலர்தான். அதாவது ஜப்பான்காரர் கிட்டத்தட்ட 100 டாலர் கம்மியா கொடுத்தார்.

உள்ளே இருக்கிற சிப், ஸ்கிரீன், பேட்டரி எல்லாம் ஒண்ணுதான். அப்ப ஏன் இந்த வித்தியாசம்? யென் மதிப்பு பல வருஷமா சரிஞ்சு கிடந்துச்சு. அமெரிக்க விலையை அப்படியே யென்னுக்கு மாத்தினா ஜப்பான் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. சொந்த ஊர் மார்க்கெட்டை இழக்க நிண்டெண்டோ தயாரா இல்ல.

ஆனா இங்க ஒரு சிக்கல். கம்மி விலையில் ஜப்பானில் வாங்கி, வெளிநாட்டில் கூடுதல் விலைக்கு வித்துட்டா? அதுக்காக அந்த 49,980 யென் மாடல் ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும், ஜப்பான் கணக்கு மட்டும்தான் அதில் சேர்க்க முடியும்னு பூட்டு போட்டுட்டாங்க. எல்லா மொழியும் வேணுமா? அதே மெஷின் 69,980 யென்.

இதுல இருந்து முதல் பாடம்: விலைங்கிறது "தயாரிப்புச் செலவு கூட்டல் லாபம்" இல்ல. வாங்குறவர் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கு, அவர் எவ்வளவு வரைக்கும் கொடுப்பார் என்கிறதும் சேர்ந்ததுதான் விலை.

டிக்கெட் வேற, பாப்கார்ன் வேற

தியேட்டர்ல டிக்கெட்டை விட பாப்கார்னும் கூல்டிரிங்க்ஸும்தான் நம்ம பர்ஸைக் காலி பண்ணும். கன்சோல் பிசினஸும் அதே மாதிரிதான். மெஷின் டிக்கெட். கேம், ஆன்லைன் சந்தா, கூடுதல் கண்ட்ரோலர் எல்லாம் பாப்கார்ன்.

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தப்போ டிஸ்க் மாடல் 499 டாலர், டிஜிட்டல் மாடல் 399 டாலர். 499 டாலர் மாடலையே சோனி முதல்ல நஷ்டத்துக்குத்தான் வித்தது. நஷ்டம் நின்னுடுச்சுன்னு 2021 ஆகஸ்ட்டில்தான் சோனியே சொன்னாங்க.

நஷ்டத்துக்கு விக்க அவங்க என்ன தர்ம ஸ்தாபனமா? இல்ல. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் மற்ற கம்பெனிகளோட கேம் விக்கும்போதெல்லாம் சோனிக்குப் பங்கு உண்டு. இந்தத் துறையில் வழக்கமான பங்கு சுமார் 30 சதவீதம். மெஷின் உங்க வீட்டுக்குள்ள வந்துட்டா, அடுத்த ஆறேழு வருஷம் அந்தக் கடைதான் உங்க கடை.

ஸ்விட்ச் 2-விலும் இதே ஆட்டம்தான். மரியோ கார்ட் வேர்ல்டு கேம் தனியா 79.99 டாலர். கன்சோலோட சேர்த்து வாங்கினா மொத்தம் 499.99 டாலர். 30 டாலர் மிச்சம்னு தோணும். கம்பெனிக்கு லாபம் எங்கன்னா, நீங்க முதல் நாளே ஒரு கேம் வாங்கிட்டீங்க! 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதி வரியை அறிவிச்சப்போ நடந்ததையும் கவனிங்க. முன்பதிவைத் தள்ளி வச்சாங்க. ஆனா கன்சோல் விலையைத் தொடல. அதுக்குப் பதிலா உதிரிச் சாமான்கள் விலையை ஏத்தினாங்க. ப்ரோ கண்ட்ரோலர் 79.99-லிருந்து 84.99 டாலர் ஆச்சு. டிக்கெட் விலை அப்படியே, பாப்கார்ன் விலை ஏறிடுச்சு.

விலையைத் தப்பா வச்சா என்ன ஆகும்?

2006-ல் பிளேஸ்டேஷன் 3 வந்தப்போ அமெரிக்காவில் 499, 599 டாலர்னு ரெண்டு மாடல். அதே மாசம் நிண்டெண்டோ வீ 249.99 டாலருக்கு வந்துச்சு. எக்ஸ்பாக்ஸ் 360 ஒரு வருஷம் முன்னாடியே 299, 399 டாலரில் கடைக்கு வந்திருந்துச்சு. பிளேஸ்டேஷன் 3-ல புளூ-ரே, விலை உயர்ந்த செல் பிராசசர் எல்லாம் இருந்ததால், 599 டாலருக்கு வித்தும் நஷ்டம். 2007 மார்ச்சில் முடிஞ்ச நிதியாண்டில் சோனியோட கேம் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல நஷ்டம் காட்டுச்சு. 2009-ல் வந்த ஸ்லிம் மாடல் விலை 299 டாலர். மூணே வருஷத்தில் பாதி!

2011-ல் நிண்டெண்டோ 3டிஎஸ் கதையும் இதேதான். மார்ச்சில் 249.99 டாலர். விற்பனை சரியா போகல. ஆகஸ்ட்டில் 169.99 டாலர். அஞ்சு மாசம் கூட ஆகல, முதல்ல வாங்கினவங்களுக்கு 80 டாலர் போச்சு. அவங்க கோபத்தைத் தணிக்க 20 பழைய கேம்களை இலவசமா கொடுத்தாங்க. தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைச்சுக்கிட்டார்.

இந்த ரெண்டு அனுபவத்தில் இருந்துதான் "கேட்ஜெட் வந்த உடனே வாங்காதே, பொறுத்தா விலை இறங்கும்" என்கிற விதி நம்ம மனசில் பதிஞ்சது.

அந்த விதி உடைஞ்சு போச்சு

2025 நிலவரத்தைப் பாருங்க. அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, அஞ்சு வருஷம் கழிச்சு 2025 ஆகஸ்ட்டில் 549.99 டாலர். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 499-லிருந்து அதே வருஷம் ரெண்டு தடவை ஏறி 649.99 டாலர். 2017-ல் வந்த பழைய ஸ்விட்ச் கூட 299.99-லிருந்து 339.99 டாலர் ஆச்சு. எட்டு வருஷப் பழைய மாடலுக்கு விலை ஏத்தம்!

நம்ம ஊரிலும் அதேதான். 2021 பிப்ரவரியில் இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். 2022 நவம்பரில் 54,990 ரூபாய். 2024 ஏப்ரலில் ஸ்லிம் மாடல் வந்தப்பவும் அதே 54,990. இடையில் சீசன் ஆஃபர்ல சில ஆயிரம் ரூபாய் தள்ளுபடி கிடைச்சுது. ஆனா நிரந்தரமா விலை இறங்கவே இல்ல.

காரணம் என்ன? முன்னெல்லாம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சிப் சின்னதாகும், அதைச் செய்ற செலவும் குறையும். இப்ப புதுத் தொழில்நுட்பத்தில் சிப் செய்றதே செலவு அதிகம். அதோட பணவீக்கம், நாணய மதிப்பு, இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்துக்குது. அதனால கன்சோலுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தா பெருசா லாபம் இல்ல.

ஆனா காத்திருந்தா லாபம் தர்ற ஒண்ணு இருக்கு. அது கேம்!

உங்க உண்மையான செலவு எவ்வளவு?

ஒரு எளிய கணக்கு போடலாம். 2024 ஏப்ரல் விலைப்படி கன்சோல் 54,990 ரூபாய். பிளேஸ்டேஷன் 5-க்கு சோனியோட பெரிய கேம்கள் 4,999 ரூபாய்க்கு வந்திருக்கு. வருஷத்துக்கு நாலு புதுக் கேம்னு வச்சாலும் ரெண்டு வருஷத்தில் எட்டு. 39,992 ரூபாய். மொத்தம் 94,982. ஆன்லைன் சந்தாவும் ரெண்டாவது கண்ட்ரோலரும் இதில் சேரல. "55 ஆயிரம் பொருள்"னு நினைச்சது கிட்டத்தட்ட ஒரு லட்சம்.

இப்ப மணிக்கணக்கைப் பாருங்க. வாரம் 5 மணி நேரம் விளையாடினா ரெண்டு வருஷத்தில் 520 மணி நேரம். மணிக்கு 183 ரூபாய் மாதிரி. ஒரு சினிமா டிக்கெட்டோட ஒப்பிட்டா மோசமில்ல. ஆனா வேலைப் பளுவில் வாரம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்னா? மணிக்கு 913 ரூபாய்!

புதுக் கேமை முதல் நாளே வாங்காம ஒரு வருஷம் பொறுத்தா, பல கேம்கள் ஆஃபர்ல பாதி விலைக்கே வரும். எட்டுக் கேமும் பாதி விலைன்னா சுமார் 20,000 ரூபாய் மிச்சம். கன்சோல் ஆஃபருக்காகக் காத்திருந்து கிடைக்கிறதை விட இது பெருசு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: நிண்டெண்டோ தன்னோட சொந்த கேம்களுக்கு இப்படிப் பெரிய தள்ளுபடி அபூர்வமாத்தான் கொடுக்கும்.

டிஸ்க்கா, டிஜிட்டலா?

ஸ்லிம் வந்தப்போ டிஜிட்டல் மாடல் 44,990. 10,000 ரூபாய் கம்மி. ஆசையா இருக்கும். ஆனா டிஜிட்டல்ல வாங்கின கேமை யாருக்கும் விக்க முடியாது, நண்பர்கிட்ட இரவல் வாங்கவும் முடியாது. டிஸ்க்கை ஆடி முடிச்சுட்டு 2,500 ரூபாய்க்கு வித்தீங்கன்னா, நாலே டிஸ்க்கில் அந்த 10,000 திரும்பி வந்துடும். வருஷத்துக்கு ஒரு கேம்தான் ஆடுவேன், அதையும் விக்க மாட்டேன்னா டிஜிட்டல் போதும்.

நோ காஸ்ட் இஎம்ஐ-ல வாங்கலாமா?

வட்டியே இல்லாத இஎம்ஐ கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிடுச்சு. அதனால இங்க நடக்கிறது என்னன்னா, பேங்க் வட்டி போடும். அந்த வட்டித் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சுடுவார். ஆனா கிரெடிட் கார்டு வட்டி மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில்தான். வட்டி 3,000 ரூபாய்னா ஜிஎஸ்டி 540. பிராசஸிங் ஃபீ தனி. ரொக்கத்துக்கு வேற தள்ளுபடி இருந்து, இஎம்ஐ-ல அது கிடைக்காம போனா அதுவும் உங்க செலவுதான்.

முடிவா என்ன பண்ணலாம்?

எமர்ஜென்சி ஃபண்டு தயாரா இருக்கா, எஸ்ஐபி நிக்காம போகுதா, வாரம் நாலஞ்சு மணி நேரம் நிஜமா விளையாடுவீங்களா? மூணுக்கும் ஆமான்னா, அடுத்த சீசன் ஆஃபர்ல தாராளமா வாங்குங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். மாசம் 5,000 ரூபாய் தனியா எடுத்து வச்சா 11 மாசத்தில் 55,000 சேர்ந்துடும். அந்த 11 மாசத்தில் நீங்க ஆட ஆசைப்பட்ட கேம் விலையும் பாதிக்கு இறங்கியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.