வேலியோரத்து விருந்தினர்

கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறியிருத்தலைத் தமிழ் பயிலும் மாணவர் யாவரும் அறிவர். அவற்றுள் ஆவிரையும் உண்டு, தும்பையும் உண்டு. புலவர் பெருமான் எண்ணிப் போற்றிய அவ்விரண்டையும் இன்று நாம் களையென்று கொத்தி எறிகின்றோம். அதனால் நேரும் இழப்பு யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற ஆண்டு விடுதியின் காய்கறித் தோட்டத்தை அழகுபடுத்தக் கருதி, வேலியோரத்து ஆவாரை, எருக்கு, தும்பை யாவற்றையும் வேருடன் களைந்தோம். அங்குக் கிடந்த பட்ட மரக்கிளைகளும் பழைய மூங்கில்களும் விறகாயின. கண்டோர் பாராட்டினர். ஆயினும் அப்பருவத்திற் கத்தரிச் செடிகள் நிறையப் பூத்தும் காய்த்தவை சிலவே. உரத்தைக் குறை கூறினோம். பின்னர்க் கிணற்று நீரைக் குறை கூறினோம். ஒருநாட் காலைப்பொழுது முழுதும் அச்செடிகளின் அருகே அமர்ந்து நோக்கிய பின்னரே ஓருண்மை புலனாயிற்று. அப்பூக்களை நாடி ஒரு வண்டேனும் வரவில்லை.

கத்தரிப்பூவின் மகரந்தப்பைகள் நுனியில் மட்டும் சிறு துளையுடைய குப்பிகளை ஒத்தவை. குலுக்கினாலன்றி உள்ளிருக்கும் தாது எளிதில் வெளிவாராது. காற்று ஒரு சிறிது உதவும். ஆனால் அக்கலையில் வல்லது தச்சுத்தேனீயே. நீலம் மின்னும் சிறகுகளையுடைய அப்பெரிய கருவண்டு, பூவை இறுகப் பற்றிச் சிறகை விரித்தடியாமலே தன் மார்புத் தசைகளை அதிர்விக்கும். அவ்வதிர்ச்சியால் தாது பொலபொலவென உதிரும். மண்ணில் வளை தோண்டி வாழும் நீலவரித் தேனீயும் இவ்வாறே செய்யும். நமக்குத் தேன் தரும் தேனீக்களோ இவ்வித்தையை அறியா.

இனி, கத்தரி பூவாத காலத்தில் இவ்வண்டுகள் எங்ஙனம் உயிர்வாழும்? ஆவாரம்பூவில் தேன் இல்லை. அதன் தாதும் அதிர்வித்தே பெறத்தக்கது. எருக்கம்பூவில் தேன் உண்டு. அதனை உண்ண வரும் தச்சுத்தேனீயே அதன் மகரந்தத் திரளையும் சுமந்து செல்கின்றது. தும்பையின் சிறு பூக்கள் பல்வகைத் தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் விருந்தளிக்கின்றன. எருக்கிலையோ வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு. அவ்விலையின் நஞ்சை உடலிற் கொள்ளுதலால் பறவைகள் அதனை அஞ்சி விலகும். தச்சுத்தேனீ குடியிருப்பது உலர்ந்த மரத்திலும் மூங்கிலிலுமாம். ஆகவே, துப்புரவு என்னும் பெயரால் அதன் உணவையும் இல்லத்தையும் ஒருங்கே அழித்தோம் என்பது தெளிவு.

தோட்டம் வைப்போர் செய்யத்தக்கவை மிகச் சிலவே. வேலியோரத்தில் ஆவாரைக்கும் தும்பைக்கும் இடம் விடுக. பட்ட கிளையொன்றும் மூங்கிற் கட்டொன்றும் நனையாத இடத்திற் கிடக்கட்டும். சிறிதளவு நிலம் கொத்தப்படாமல் இருக்கட்டும். உலகிலுள்ள ஏறக்குறைய 20,000 தேனீ வகைகளுட் பெரும்பாலானவை மண்ணிலேயே கூடமைப்பவை. அடுக்குச் செம்பருத்தி கண்ணுக்கு இனிதெனினும் அதன் மகரந்தத் தாள்கள் இதழ்களாய் மாறினமையால் வண்டுக்கு அதனாற் பயன் குறைவு. ஒற்றைச் செம்பருத்தியே நன்று. கறிவேப்பிலையிற் காணும் புழுவை உடனே நசுக்கற்க. அதுவே பின்னர் வண்ணத்துப்பூச்சியாய்ப் பறப்பது. பூ மலர்ந்திருக்கும் பொழுது பூச்சிமருந்து தெளித்தலை அறவே தவிர்க்க.

இவ்வாண்டு தோட்டத்தின் ஒரு மூலையைத் தீண்டாது விட்டோம். மழைக்குப் பின் தும்பை தானே முளைத்தது. ஆவாரை விதைகளை நாம் ஊன்றினோம். வேலியிற் கட்டிய மூங்கிலொன்றில் இப்பொழுது விரல் நுழையுமளவு வட்டத்துளை ஒன்று காணப்படுகின்றது. அதன் கீழ்ப் புதிய மரத்தூள் சிந்திக் கிடக்கின்றது. ஆண்டு விழாவுக்கெனத் தோட்டம் திருத்த வரும் அன்பர்கள் அம்மூங்கிலையும் அம்மூலையையும் அவ்வாறே விட்டருளுமாறு வேண்டுகின்றோம். குடிவந்தோரை நாம் மறுமுறையும் வெளியேற்றலாகாது.