பரோல் நாட்கள் யார் கணக்கில் சேரும்?

மார்ச் 27 நெருங்கும்போதெல்லாம் கேரளத்தின் கோட்டயத்தில் இறந்துபோன கன்னியாஸ்திரி சிஸ்டர் அபயாவைப் பற்றிக் கடிதங்கள் வரும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை பரோலைப் பற்றியவை. 28 ஆண்டு கழித்துத் தண்டித்துவிட்டு ஐந்தே மாதத்தில் எப்படி விடுதலை செய்தார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். பரோலில் போனவர்கள் சிறைக்குத் திரும்பவே இல்லையா என்பது வேறு சிலரின் கேள்வி. விசாரணை இழுத்தடித்த ஆண்டுகளையும் தண்டனையில் கழிப்பார்களா என்று ஒருவர் கவலைப்படுகிறார். பரோல், பிணை, தண்டனைக் குறைப்பு மூன்றும் எல்லாக் கடிதங்களிலும் கலந்துகிடக்கின்றன. நினைவு நாளுக்கு முன் இந்தப் பக்கம் அச்சாக வேண்டும். எனவே வழக்கின் கதையைச் சுருக்கிக்கொண்டு கேள்விகளுக்குப் போகலாம்.

1992 மார்ச் 27 அன்று கோட்டயம் பயஸ் டென்த் கான்வென்ட் கிணற்றில் அபயாவின் உடல் கிடைத்தது. உள்ளூர் போலீஸும் குற்றப் பிரிவும் தற்கொலை என்றன. 1993இல் வழக்கு சிபிஐயிடம் போனது. தற்கொலை என்றே எழுதும்படி மேலதிகாரி நெருக்கியதாகச் சொல்லி, விசாரித்துவந்த சிபிஐ அதிகாரி வர்கீஸ் பி. தாமஸ் வேலையை விட்டார். 1996, 1999, 2005 என மூன்று முறை வழக்கை மூட சிபிஐ அனுமதி கேட்டது. மூன்று முறையும் நீதிமன்றம் மறுத்தது. சமூக ஆர்வலர் ஜோமோன் புத்தன்புரைக்கல் விடாமல் மனுப் போட்டுக்கொண்டிருந்தார். அபயா இறந்த இரவில் அந்தக் கான்வென்ட்டில் திருடப் போன அடைக்கா ராஜு, தான் பார்த்ததைக் கடைசிவரை மாற்றிச் சொல்லவில்லை. 2008இல் கைதுகள் நடந்தன. 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் சிபிஐ நீதிமன்றம் பாதிரியார் தாமஸ் கோட்டூருக்கும் கன்னியாஸ்திரி செஃபிக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. இருவரும் குற்றத்தை மறுத்து மேல்முறையீடு செய்தனர். அபயாவின் தந்தையும் தாயும் 2016இலேயே காலமாகிவிட்டதால், தீர்ப்பைக் கேட்க அவர்கள் இல்லை.

2021 மே மாதம் நடந்தது விடுதலையா?

இல்லை. இருவருக்கும் கிடைத்தது 90 நாள் சிறப்பு பரோல். பரோல் என்பது, குடும்பத்தோடும் ஊரோடும் உறவு அறுந்துபோகாமல் இருக்கக் கைதிக்குத் தரும் விடுப்பு என்கின்றன சிறைத் துறைகள். அந்த நோக்கம் நல்லது, தேவையானதும்கூட. ஆனால் அது பாதி விளக்கம்தான். தண்டனை விதித்த நீதிமன்றத்தைக் கேட்காமலே, ஒரு கோப்பில் கையெழுத்திட்டுச் சிறைக் கதவைத் திறக்க அரசு நிர்வாகத்துக்கு உள்ள அதிகாரம் என்பதுதான் மீதிப் பாதி. சிறைத் துறைகள் அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் சிறை நெரிசலைக் குறைக்க 2021 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. 2020இல் பரோலில் போனவர்களை மீண்டும் 90 நாள் அனுப்புங்கள், புதிதாக யாரை அனுப்பலாம் என்பதை மாநில உயர்நிலைக் குழு முடிவு செய்யட்டும் என்பது அதன் சாரம். அபயா வழக்கில் தீர்ப்பு வந்ததே 2020 டிசம்பர் இறுதியில். ஆக, முதல் அலையில் பரோலில் போனவர்கள் பட்டியலில் இந்த இருவரும் இருந்திருக்க முடியாது. மிஞ்சுவது உயர்நிலைக் குழுவின் வழிதான்.

சிக்கல் இங்கேதான். குழு பரிந்துரைத்ததால் பரோல் தந்தோம் என்று சிறைத் துறை தனக்குப் பதில் அளித்ததாகவும், அப்படிப் பரிந்துரைக்கவில்லை என்று குழுவின் தரப்பிலிருந்து தனக்குத் தெரிவிக்கப்பட்டதாகவும் சொல்லி ஜோமோன் உயர் நீதிமன்றம் போனார். கேரளத்தில் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நீதிபதி சி.டி. ரவிகுமார். அவருடைய பெயர் அடுத்த கேள்வியிலும் வரும்.

வெளியில் இருந்த நாட்கள் தண்டனையில் கழியுமா?

வாசகர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான்.

கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றவர், பொதுவாக, 14 ஆண்டு சிறையில் கழிக்காமல் தண்டனைக் குறைப்பில் வெளியே வர முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் இது 475ஆவது பிரிவு. இந்த 14 ஆண்டில் பரோல் நாட்களும் சேருமா? சேர வேண்டும் என்று கோவா சிறைக் கைதிகள் சிலர் வழக்காடினார்கள். விடுப்பில் வீட்டுக்குப் போனாலும் நாங்கள் தண்டனை அனுபவிப்பவர்கள்தானே என்பது அவர்கள் வாதம்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 14 ஆண்டு என்பது உண்மையில் சிறைக்குள் கழித்த காலம், பரோல் நாட்களைக் கழித்துவிட்டே எண்ண வேண்டும் என்றது. செல்வாக்குள்ள கைதி திரும்பத் திரும்ப பரோல் வாங்கினால் தண்டனையின் நோக்கமே அடிபட்டுப்போகும் என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். அந்த அமர்வில் நீதிபதி எம்.ஆர். ஷாவுடன் இருந்தவர் அதே சி.டி. ரவிகுமார். கொரோனா கால அவசர பரோலும் உண்மையான சிறைவாசக் கணக்கில் சேராது என்று அதே ஆண்டு மார்ச்சில், ஹரியானாவிலிருந்து வந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். 2021 ஜனவரி 1 அன்று சிறைக்குப் போன ஓர் ஆயுள் கைதி, பல தவணைகளாக மொத்தம் 300 நாள் பரோலில் இருந்தார் என்று கொள்வோம். 2034 டிசம்பரோடு அவருக்கு 14 ஆண்டு முடியாது. இன்னும் 300 நாள் உள்ளே இருந்த பிறகுதான் அவருடைய மனுவையே எடுத்துப் பார்ப்பார்கள். பரோல் அவருக்குக் கிடைத்த கடன். முன்கூட்டி எடுத்துக்கொண்ட நாட்களைப் பின்னால் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்.

முப்பது வயதுக் கைதியிடம் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. வீட்டில் சாவு, மகள் திருமணம் என்றால் அவர் போய் வரலாம். தண்டனையின் அளவும் குறையாது. இரக்கத்துக்கும் நீதிக்கும் இடம் தரும் விதி இது.

பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்து துலங்கிய வழக்குகளில்தான் இந்த விதி பலமிழக்கிறது. தீர்ப்பு வந்தபோது கோட்டூர் எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாளும் வெளியே போகாமல் இருந்தாலும் 14 ஆண்டு முடியும்போது வயது எண்பதைத் தாண்டியிருக்கும். அந்த வயதில் தண்டிக்கப்படும் எவருக்கும் முன்விடுதலை என்பது எட்டாத தூரம். எட்டாத ஒரு தேதி இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போவதில் அவருக்கு என்ன இழப்பு? திருப்பிக் கொடுக்க வேண்டிய காலம் வராமலே போய்விடக்கூடிய கடன் அது. செல்வாக்கைத் தடுக்க உச்ச நீதிமன்றம் கட்டிய அணை, குற்றத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே ஒரு தலைமுறை கடந்துபோன வழக்குகளில் தண்ணீரை நிறுத்துவதில்லை.

முதியவர்களைப் பரோலில் அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொற்று பரவிய சிறையில் எழுபது வயதுக்காரரை வைத்திருப்பது யாருக்கும் நீதி ஆகாது. நீதிமன்றம் விதித்தது சிறைவாசத்தை, நோயை அல்ல. என் கவலை வேறு. நாள்கணக்கு காவல் காக்காத இடத்தில் மிஞ்சும் ஒரே காவல், பரோல் ஆணைதான். யார் பரிந்துரைத்தார், எந்த விதியின் கீழ், என்ன காரணத்துக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். 2021இல் அந்த முதல் கேள்விக்கே துறை ஒன்றும் குழு வேறொன்றும் சொன்னதாக நீதிமன்றத்தில் மனு வந்தது. முதலில் தற்கொலை என்றும் பிறகு ஆதாரம் இல்லை என்றும் அதிகாரிகள் எழுதிக்கொண்டே இருந்த ஒரு வழக்கில், இன்னொரு அரசுத் தாளை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பு என்று மக்களிடம் சொல்ல முடியாது.

இது சிபிஐ வழக்காயிற்றே, மத்திய அரசைக் கேட்க வேண்டாமா?

தண்டனையைக் குறைக்க வேண்டுமானால் கேட்க வேண்டும். சிபிஐ விசாரித்த வழக்குகளில் மத்திய அரசின் இசைவு இல்லாமல் மாநிலம் தண்டனையைக் குறைக்க முடியாது என்று, ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் தொடர்பான 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பரோல் விஷயம் வேறு. அது சிறை விதிகளைச் சேர்ந்தது, சிறை மாநிலத்தின் கையில் இருக்கிறது. நிரந்தரமாகத் திறக்க இரண்டு அரசுகள் தேவைப்படும் அதே கதவை, 90 நாளுக்குத் திறக்க ஒரு துறை போதும்.

2022க்குப் பிறகு அவர்கள் வெளியில் இருந்தது பரோலிலா?

இல்லை. 2022 ஜூன் 23 அன்று கேரள உயர் நீதிமன்றம் மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை தந்தது.

பிணையில் இருக்கும் நாட்கள் தண்டனையில் கழியுமா?

கழியாது.

விசாரணை இழுத்த 28 ஆண்டு?

அதுவும் கழியாது. விசாரணைக் கைதியாகச் சிறைக்குள் இருந்த நாட்களுக்கு மட்டுமே கழிவு கேட்கலாம்.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுதானே?

ஆயுள் முழுவதும். 14 ஆண்டு என்பது தண்டனைக் குறைப்பு கிடைக்கக்கூடிய மிக முந்தைய கட்டம் மட்டுமே, விடுதலைக்கான உரிமை அல்ல.

1992இல் இருந்த சட்டமா, 2020இல் இருந்ததா?

தண்டனைக்குக் குற்றம் நடந்த நாளின் சட்டம். முன்விடுதலைக்குத் தீர்ப்பு நாளில் இருந்த கொள்கை, பிறகு வந்த கொள்கை தாராளமாக இருந்தால் அதன் பலனும் கிடைக்கும்.

ஆளுநர் மன்னிக்கலாமா?

அரசமைப்பின் 161ஆவது பிரிவின்படி அமைச்சரவையின் ஆலோசனையில் மன்னிக்கலாம். 14 ஆண்டு நிபந்தனை அந்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது.

தமிழ்நாட்டில் எப்படி?

1982ஆம் ஆண்டு விதிகளின்படி சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என இரண்டு வகை உண்டு. இங்கேயும் ஆணையிடுவது நிர்வாகம்தான்.

வாசகர் என்ன செய்ய முடியும்?

உங்கள் மாநிலத்தில் கடந்த ஆண்டு எத்தனை ஆயுள் கைதிகளுக்கு, எந்த விதியின் கீழ், யாருடைய பரிந்துரையில் சிறப்பு பரோல் தரப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பெயர்களைக் கேட்க வேண்டியதில்லை, காரணங்களைக் கேளுங்கள்.