அடிபட்ட குழந்தையின் இரத்த அழுத்தம் ஏன் உடனே குறைவதில்லை?

பனவடலிசத்திரம் போன்ற ஊர்களில் விபத்தில் பலத்த காயமடையும் குழந்தையைத் தீவிர சிகிச்சைக்காகத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை கொண்டு செல்ல நேரும்போது, வழியில் அளக்கப்படும் இரத்த அழுத்தம் இயல்பாக இருப்பதே ஏமாற்றக்கூடும். குழந்தையின் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் இரத்தமே உண்டு; 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்தம் 800 மில்லிலிட்டர்தான் என்பதால், ஒரு டம்ளர் அளவு வெளியேறினாலே கால்பங்கு போய்விடுகிறது. ஆயினும் இதயம் வேகமாகத் துடித்தும், தோலுக்கும் குடலுக்கும் செல்லும் குழாய்கள் சுருங்கியும் ஈடுகட்டுவதால், இழப்பு 30 விழுக்காட்டை நெருங்கும்வரை அழுத்தம் விழாமல் நிற்கலாம். விழுந்துவிட்டாலோ நிலைமை விரைவில் கைமீறும்.

ஆகவே மருத்துவர் நாடித்துடிப்பின் வேகத்தையும், நெஞ்சின் தோலைச் சில விநாடிகள் அழுத்தி விட்டபின் வெளுத்த இடம் பழைய நிறத்துக்குத் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகிறதா என்பதையும் கவனிக்கிறார். சிரை, அதாவது இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய், சுருங்கி ஊசிக்கு அகப்படாதபோது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு மஜ்ஜைக்குள் ஊசியைச் செலுத்தித் திரவமும் இரத்தமும் ஏற்றப்படுகின்றன. குளிர்ந்த உடலில் இரத்தம் எளிதில் உறையாது. எனவே குழந்தையைப் போர்த்தி வைப்பதும் (எளிதாகத் தோன்றினாலும்) சிகிச்சையே ஆகும்.

சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆம்புலன்சுக்கு அழைக்க வேண்டிய எண் 108.