தகட்டின் இடுக்கில் ஒரு மின்கலம்

இரும்பு இயற்கையில் பெரும்பாலும் ஆக்சைடாகவே கிடைக்கிறது. ஊதுலையில் கரியையும் பெரும் வெப்பத்தையும் செலவிட்டு ஆக்சிஜனைப் பிரித்த பிறகே அது தகடாகவும் கம்பியாகவும் உருப்பெறுகிறது என்பதால், நீரும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே அது பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிடுகிறது. இந்தத் திரும்புதலை வேதியியலார் அரிமானம் என்பர். வீட்டு வழக்கில் அது துரு. அரை நூற்றாண்டுக்கு முன் தயாரான ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் வைத்து மீட்டெடுக்க முற்படுபவர் எஞ்சினைப் பற்றி எவ்வளவு அறிந்திருந்தாலும், அவருடைய உழைப்பின் பெரும்பகுதி துருவோடுதான் கழிகிறது. பிஸ்டன் வளையத்தையும் கேஸ்கட்டையும் பெங்களூரு ஜே.சி. சாலையில் தேடலாம், கிடைக்காதவற்றைப் பீன்யா தொழிற்பேட்டையில் கடைந்து வாங்கலாம். உள்ளிருந்தே கரைந்துபோன உடற்கூட்டுக்கு அப்படி மாற்று கிடைப்பதில்லை.

ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் உலகெங்கும் முதலில் நினைவுக்கு வருவது, 1969 அக்டோபரில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரிலும் பின்னர் வெளிநாடுகளில் டாட்சன் 240இசட் என்ற பெயரிலும் நிசான் நிறுவனம் அறிமுகப்படுத்திய வண்டியாகும். ஆறு சிலிண்டர்கள் கொண்ட 2.4 லிட்டர் எஞ்சினும் குறைந்த எடையும் கூடிய இந்த வண்டி 1971, 1973 ஆகிய இரு ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றது. இத்தனை வலிமை காட்டிய அதே வண்டி துருவுக்கு எளிதில் இரையாவதிலும் பெயர் பெற்றிருந்தது. இதன் காரணத்தைக் கட்டமைப்பிலேயே காணலாம். லாரியில் இருப்பதுபோலத் தனி அடிச்சட்டம் இல்லாமல், மெல்லிய தகடுகளை மடித்துப் பெட்டிபோல் ஒட்டவைத்து, அந்தப் பெட்டியே முழுப் பாரத்தையும் தாங்கும்படி அமைப்பதை ஒற்றைக்கூடு அமைப்பு என்கிறார்கள். எடை குறைகிறது, வேகம் கூடுகிறது, ஆனால் மடிப்புகளும் மூடிய குழிகளும் பெருகுகின்றன. துத்தநாகம் பூசிய தகடுகள் அன்றைய கார்களில் அரிதாகவே பயன்பட்டன. கார்க்கூட்டை வண்ணத் தொட்டியில் மூழ்கவைத்து மின்சாரத்தால் இடுக்குகளுக்குள்ளும் பூச்சை ஏறச்செய்யும் முறையில், இன்று எங்கும் வழங்கும் மேம்பட்ட வடிவம் 1976-இல்தான் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நுழைந்தது. அதற்கு முந்தைய வண்டிகளின் உள்மடிப்புகளில் வெறும் இரும்பே இருந்தது என்று கொள்வது பெரும்பாலும் பிழையாகாது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில் அத்தகைய வண்டிகள் இந்தியாவுக்குள் மிகச் சிலவே வந்தன. இந்தியப் பட்டறைகள் ஜப்பானிய மென்தகட்டைப் பரவலாகக் கையாளக் கற்றது, சுசூகியின் எஸ்எஸ்80 வடிவில் 1983-இல் வெளியான மாருதி 800 வழியாகத்தான். அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று, 47,500 ரூபாய் விலையுள்ள முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் வழங்கினார். 2010-இல் அவர் மறைந்த பிறகு அந்த வண்டி வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறியது; பின்னர் அதை மாருதி நிறுவனமே மீட்டெடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறது. நாட்டின் தொழில் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு பொருளேகூடச் சில மழைக்காலங்களில் அந்த நிலைக்கு வரக்கூடும் என்றால், துருவின் செயல்முறையை விரிவாக அறிவது வீண்வேலை ஆகாது.

துரு என்பது தகட்டின்மேல் வந்து படியும் அழுக்கு அன்று. அது தகட்டிலேயே உருவாகும் ஒரு சிறு மின்கலத்தின் விளைபொருள். ஈரமான இரும்பின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் கரைகின்றன. விடுபட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்கு ஓடி, அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகின்றன. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அரிமான ஆய்வை ஓர் அறிவியல் துறையாக வளர்த்த யூலிக் எவன்ஸ் (1889–1980), இரும்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு சொட்டு உப்புநீரை இட்டு இதைக் காட்டினார். காற்று எளிதில் எட்டும் சொட்டின் விளிம்பு பாதுகாப்பாக இருந்தது. ஆக்சிஜன் குறைவாக எட்டும் நடுப்பகுதியே அரிக்கப்பட்டது. ஆக்சிஜன் மிகுந்த இடம் அல்ல, அது குறைந்த இடமே கரைகிறது என்ற இந்த எதிர்பாராத முடிவை உள்வாங்கிக்கொண்டால், பழைய கார் எங்கெங்கே அழியும் என்பதைத் தொடாமலேயே சொல்லிவிடலாம்: சக்கர வளைவின் உள்மடிப்பு, கதவின் கீழ்விளிம்பு, கதவுக்குக் கீழே நீளும் பெட்டிச் சட்டம், முன் கண்ணாடியின் ரப்பருக்கு அடிப்பக்கம், தரைவிரிப்புக்குக் கீழுள்ள தகடு. இவற்றோடு அமிலம் சிந்தும் பேட்டரித் தட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூரு இந்த வகையில் நல்லூழ் வாய்ந்த நகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், கிழக்குக் கடலிலிருந்தும் மேற்குக் கடலிலிருந்தும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி அமைந்திருப்பதால், கரையோரக் காற்றில் மிதக்கும் உப்பு இங்கே வந்து சேர்வதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்ற அளவு, சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது துரு வேகமெடுக்கிறது என்பதை இங்கிலாந்தில் வெர்னன் என்ற ஆய்வாளர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கண்டறிந்தார். பெங்களூருவின் மார்ச் மாதப் பிற்பகல்கள் இந்த வரம்புக்கு மிகக் கீழே நிற்கின்றன. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலைகளோ அதை எளிதில் தாண்டுகின்றன. எனவே தகட்டைச் சுரண்டி வெறுமையாக்கும் வேலைக்கு உகந்த காலம் பிப்ரவரியும் மார்ச்சும்தான். மல்லேஸ்வரத்துப் பழைய வீட்டின் காற்றோட்டமான கொட்டகையில் நிற்கும் கார், அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள நிறுத்தத்தில் பிளாஸ்டிக் உறையால் இறுகப் போர்த்தி வைத்த காரைவிட நெடுநாள் நலமாக இருக்கும். அந்த உறை மழையைத் தடுக்கிறது, ஆனால் இரவில் குளிர்ந்த தகட்டின்மேல் படியும் நீரை வெளியேற விடுவதில்லை.

ஊருக்கு ஊர் அரிமானம் மாறுவதை அளந்து இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தை உருவாக்கிய நிறுவனம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் எழுந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே அது. மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் கடற்காற்றுக்குக் காட்டி அதன் அறிஞர்கள் ஆய்ந்திருக்கிறார்கள்.

சென்னையிலிருந்தோ மங்களூரிலிருந்தோ வாங்கிவந்த வண்டியைப் பெங்களூருவின் வறண்ட காற்று தானாகக் காப்பாற்றிவிடும் என்று நம்புவது தவறு. உப்பிலுள்ள குளோரைடு அயனி துருவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. குளோரைடு சேர்ந்த துருவில் அகாகனைட் என்ற கனிமம் உருவாகிறது. ஜப்பானின் அகாகனே சுரங்கத்தின் பெயரைத் தாங்கிய இந்தக் கனிமம், ஈரம் படும்போதெல்லாம் குளோரைடை வெளிவிட்டு அரிமானத்தை மீண்டும் தூண்டுகிறது. மேலே வண்ணம் பூசினாலும் சில மாதங்களில் கொப்புளம் கிளம்புவதற்கு இதுவே காரணமாவதுண்டு. துருவே ஒரு போர்வையாகி இரும்பைக் காக்கும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிற்கும் டெல்லி இரும்புத் தூணில் அது உண்மை, கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியம் காட்டியபடி, அந்த இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸின் துணையால் மிசாவைட் என்ற அடர்ந்த படலம் அதன்மேல் உருவாகியிருக்கிறது. கார்த் தகட்டில் அந்த அளவு பாஸ்பரஸ் கிடையாது. அதன்மேல் வளரும் துரு புரைபுரையாக இருந்து நீரை உறிஞ்சுகிறது. மேலும் கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைத் துரு அடைத்துக்கொள்வதால், இரு தகடுகள் ஒட்டிய மடிப்புக்குள் அது வளரும்போது வெல்டிங் புள்ளிகளையே பிளந்துவிடும் வலிமை அதற்கு உண்டு.

மீட்புப் பணியின் முதற்படி, வண்டியில் எவ்வளவு இரும்பு மிஞ்சியிருக்கிறது என்று அறிவது. டிங்கரிங் பட்டறைகளில் ஓட்டையின்மேல் பட்டி அப்பித் தேய்த்து வண்ணம் அடிக்கும் வழக்கம் பழைய வண்டிகளுக்குச் செய்யப்படும் பெருந்தீங்கு; பட்டி ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு சேர்த்து வைப்பதால், வெளியே பளபளப்பு நீடிக்கும் வேளையில் உள்ளே அழிவு விரைகிறது. துணி சுற்றிய சிறு காந்தத்தை உடல் முழுதும் நகர்த்திப் பார்த்தால், பிடிப்புத் தளரும் இடங்களில் பட்டி தடித்திருப்பது தெரியவரும்.

துருவை நீக்கப் பல வழிகள் உண்டு. கழற்ற முடிந்த சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு மிகவும் பொருத்தமானது: சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தை மூழ்கவைத்து பேட்டரி சார்ஜரின் எதிர்முனையோடும், வேறொரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையோடும் இணைத்தால், துருவின் ஒரு பகுதி மீண்டும் இரும்பாக ஒடுங்க, எஞ்சியது தளர்ந்து உதிர்கிறது, நல்ல இரும்பு தேய்வதில்லை. நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மம் நீரில் கலக்கும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் திறந்தவெளியில்தான் இதைச் செய்ய வேண்டும்; அதே ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும் என்பதால் சுருள்வில்லையும் உயர்வலிமை போல்ட்டுகளையும் இந்தத் தொட்டியில் இடலாகாது.

சுரண்ட முடியாத குழிகளில் தங்கும் துருவை வேறொன்றாக மாற்றிவிடுவது மற்றொரு வழி. கடைகளில் துருமாற்றி என்று விற்கும் திரவங்களில் பல டானிக் அமிலத்தால் ஆனவை. அது துருவோடு வினைபுரிந்து இரும்பு டானேட் என்ற கரைவதற்கரிய கருநிறப் பொருளாகிறது. கடுக்காய்ச் சாற்றில் இரும்புச் சத்தைச் சேர்த்து மை காய்ச்சிய முன்னோர் கண்ட கருமையும் இதே வேதிவினையின் கருமைதான். மெல்லிய எச்சத்துக்கு மட்டுமே இது பயன்படும். தடித்த செதிலின்மேல் பூசினால் மேற்பரப்பு மட்டும் கறுத்து அடியில் துரு தொடரும்.

தகடு அறவே போன இடத்தில் வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பொருத்துவதைத் தவிர வழியில்லை. சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமனே உள்ள தகட்டில் கேஸ் வெல்டிங்கின் பரந்த வெப்பம் நெளிவை உண்டாக்குவதால், சிஓ2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஒவ்வொரு புள்ளியும் ஆறும்வரை பொறுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. பெட்டிச் சட்டங்களை வெட்டுமுன் உடற்கூட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தாவிட்டால் கதவுகள் பிறகு பொருந்தவே பொருந்தா. காலியான பெட்ரோல் டாங்கில் ஆவி தங்கியிருந்து வெடிக்கக்கூடும் என்பதால் அதை வீட்டில் வெல்டிங் செய்யத் துணிவது உயிரோடு விளையாடுவதாகும்.

எவ்வளவு தகட்டை மாற்றலாம் என்ற கேள்விக்குச் சட்டமும் ஒருவகையில் விடை தருகிறது. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர வண்டிகளையும் கார்களையும் தொன்மை வாகனங்களாகப் பதிவுசெய்ய இடமளிக்கின்றன. ‘விஏ’ என்ற தனி எழுத்து வரிசையில் பத்து ஆண்டுகளுக்குப் பதிவெண் வழங்கப்படுகிறது. ஆனால் உடற்கூடு, அடிச்சட்டம், எஞ்சின் ஆகியவற்றில் உருமாற்றம் செய்யாமல் மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே புதுத் துண்டு பழைய துண்டின் வளைவையும் மடிப்பையும் அப்படியே கொண்டிருப்பது அழகுக்கு மட்டுமின்றிப் பதிவுக்கும் தேவையாகிறது. முதல் மாருதிகள் இந்தத் தகுதியை 2033-இல்தான் எட்டும்.

வெல்டிங் முடிந்த வெற்றுத் தகட்டின்மேல் துத்தநாகம் செறிந்த பிரைமரை உடனே பூசுவது நல்லது. இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் துத்தநாகம், கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. இதற்கு அது உலோகத்தை நேரே தொட்டிருக்க வேண்டும் என்பதால், பழைய வண்ணத்தின்மேல் பூசும் துத்தநாகப் பிரைமரால் அந்தப் பயன் கிட்டாது. வண்ணமெல்லாம் உலர்ந்த பிறகு, பெட்டிச் சட்டங்களின் துளைகள் வழியே நீண்ட குழாயைச் செலுத்தி உள்ளே மெழுகைத் தெளிக்க வேண்டும். நீர் வடிவதற்காகக் கதவின் அடியிலும் சட்டங்களின் அடியிலும் தொழிற்சாலை விட்ட சிறு துளைகளை அந்த மெழுகோ புதுவண்ணமோ அடைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நிகழும் பிழை. தென்மேற்குப் பருவமழை பெங்களூருவை எட்டுமுன், முன் கண்ணாடியின் அடியில் ஒரு குடம் நீரை ஊற்றி, அது எந்தெந்தத் துளை வழியே, எவ்வளவு நேரத்தில் தரையை வந்தடைகிறது என்று காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டால், எந்தக் குழியில் ஈரம் தங்கும் என்பது தெரிந்துவிடும்.