பாட்காஸ்ட் நேயர்களை எண்ணுவது எப்படி?

பாட்காஸ்ட் என்பது இணையம் வழியாகத் தொடராக வெளியிடப்படும் ஒலி நிகழ்ச்சி ஆகும். தமிழில் வலையொலி என்றும் எழுதுகின்றனர். 2004ஆம் ஆண்டு பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரை ஒன்றில் இப்பெயர் இடம்பெற்றது. 2005இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடமளித்த பிறகு பரவலாக அறியப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 2024இல் பாட்காஸ்ட் விளம்பர வருவாய் 240 கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவு பணம் புழங்கும் இத்தொழிலில், ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எளிய கேள்விக்கு இன்றும் உறுதியான விடை இல்லை.

காரணம் தொழில்நுட்பத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. நிகழ்ச்சியின் ஒலிக்கோப்பு ஒரு சர்வரில் இருக்கும். ஆர்.எஸ்.எஸ். எனப்படும் ஓடை அதன் முகவரியை அறிவிக்கும். நேயரின் கைப்பேசியிலுள்ள செயலி அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளும். அதன்பின் அவர் கேட்டாரா, பாதியில் நிறுத்தினாரா, திறக்காமலே அழித்தாரா என்பது சர்வருக்குத் தெரியாது. நூலகப் பதிவேட்டைப் பார்த்து எத்தனை புத்தகங்கள் வீட்டுக்குப் போயின என்று சொல்லலாம். எத்தனை படிக்கப்பட்டன என்று சொல்ல முடியாது. அதுபோலத்தான் இதுவும்.

எண்ணும் விதிகள்

ஆளுக்கொரு கணக்குச் சொல்லிவந்த நிலையை மாற்ற, இணைய விளம்பரத் துறையின் அமைப்பான ஐ.ஏ.பி.யின் தொழில்நுட்பப் பிரிவு விதிமுறைகளை வகுத்தது. குறைந்தது ஒரு நிமிட ஒலிக்குரிய தரவாவது இறங்கியிருந்தால்தான் அது ஒரு பதிவிறக்கம். ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து, ஒரே வகைச் செயலியும் கருவியும் 24 மணி நேரத்துக்குள் அதே பகுதியை மீண்டும் கேட்டால் ஒன்றாகவே கொள்ளப்படும். தானியங்கி நிரல்களின் கோரிக்கைகள் நீக்கப்படும்.

விதி நல்லதுதான். ஆனால் ஐ.பி. முகவரி என்பது ஆளின் பெயர் அன்று. ஒரே விடுதியின் வைஃபையில், ஒரே மாதிரிக் கைப்பேசியில், ஒரே செயலியில் கேட்கும் இரு மாணவர்கள் ஒருவராக எண்ணப்படலாம். ஒரு பகுதியை வீட்டு வைஃபையில் தொடங்கி, பேருந்தில் கைப்பேசித் தரவில் தொடர்பவர் இருவராகலாம். இந்தியா போன்ற நாடுகளில் கைப்பேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருப்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

இது வெறும் கணக்குச் சிக்கல் அன்று. விளம்பரக் கட்டணம் ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. ஆயிரத்துக்கு 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பதிவிறக்கம் உள்ள நிகழ்ச்சிக்கு ஒரு விளம்பரத்தால் 200 டாலர் கிடைக்கும். எண்ணிக்கை 7,000 ஆனால் 140 டாலர்தான்.

அப்படிப்பட்ட சரிவு உண்மையிலேயே வந்தது. 2023 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 17 வெளியானபோது ஆப்பிள் தன் பாட்காஸ்ட் செயலியின் தானியங்கிப் பதிவிறக்க முறையை மாற்றியது. அதுவரை ஒரு நிகழ்ச்சியைச் சில வாரம் கேட்காமல் இருந்தவர் மீண்டும் கேட்கத் தொடங்கினால், இடையில் விட்டுப்போன பகுதிகளையும் செயலி தானாக இறக்கும். அது நின்றது. நாள்தோறும் வெளிவரும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை குறிப்பாகக் குறைந்தது. நேயர்கள் எவரும் போய்விடவில்லை. எவரும் கேட்காத கோப்புகள்தான் கணக்கிலிருந்து போயின. அதுவரை விளம்பரதாரர் அவற்றுக்கும் பணம் கொடுத்துவந்தார் என்பதே இதன் பொருள்.

வேண்டுமென்றே ஊதிப்பெருக்குவோரும் உண்டு. கைப்பேசி விளையாட்டில் பரிசுப்புள்ளி பெறத் தட்டினால் பின்னணியில் ஒரு பாட்காஸ்ட் ஓடத் தொடங்கி, அது பதிவிறக்கமாக எண்ணப்படுவதை 2022இல் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது.

உண்மையில் கேட்டதை அளக்கும் முயற்சி இல்லாமல் இல்லை. அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். 2018இல் ரேட் என்ற முறையை வெளியிட்டது. ஒலிக்கோப்புக்குள் அடையாளங்கள் பதிக்கப்பட்டிருக்கும். நேயர் அந்த இடத்தைக் கடக்கும்போது செயலி தகவல் அனுப்பும். பெரிய செயலிகள் இதனை ஏற்காததால் பரவவில்லை. ஆப்பிளும் ஸ்பாட்டிஃபையும் தத்தம் நேயர்களைப் பற்றித் தனித்தனியே விவரம் தருகின்றன. ஆனால் 20 நிமிடமோ ஒரு பகுதியில் 40 விழுக்காடோ கேட்டவரை ஈடுபாடுள்ள நேயர் என்கிறது ஆப்பிள். 60 நொடி கேட்டாலே ஒரு கணக்கு என்கிறது ஸ்பாட்டிஃபை. முழத்தையும் சாணையும் எப்படிக் கூட்டுவது?

காணொளியின் வருகை

இந்த நிலையில் பாட்காஸ்ட் பார்க்கும் பொருளாகவும் மாறியது. மாதந்தோறும் 100 கோடிப் பேர் தன் தளத்தில் பாட்காஸ்டுகளை நாடுவதாக 2025 பிப்ரவரியில் யூடியூப் அறிவித்தது. அங்கே பதிவிறக்கக் கணக்கு இல்லை; பார்வைக் கணக்குதான். அடுப்படியில் ஒருவர் திரையைப் பாராமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் அது பார்வையே.

படைப்பாளருக்கு வலிக்கும் இடம் விளம்பரம். ஒலி ஓடையில், ஒவ்வொருவர் இறக்கும் நேரத்திலும் அந்த ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ற விளம்பரத்தைக் கோப்பில் செருகலாம். மூன்றாண்டு பழைய பகுதிகூட இன்றைய விளம்பரத்தால் சம்பாதிக்கும். யூடியூபில் இது இயலாது. கோப்பு அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. விளம்பரத்தை அவர்கள் வைத்து, அதன் வருவாயில் 55 விழுக்காட்டைப் படைப்பாளருக்குத் தருகிறார்கள். ஸ்பாட்டிஃபையிலும் ஒரு நிகழ்ச்சியின் காணொளியை ஏற்றினால் ஓடை வழி வரும் ஒலியின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அந்த நேயர்கள் படைப்பாளரின் பதிவிறக்கக் கணக்கிலிருந்து மறைகின்றனர். செருகிய விளம்பரமும் அவர்களைச் சேர்வதில்லை. கேமரா, விளக்கு, படத்தொகுப்பு என்று செலவு மட்டும் கூடுகிறது. இருவர் மூவர் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு இது பெரும் சுமை.

எண்ணை வெளிப்படையாகக் காட்டுவதும் சிக்கலாயிற்று. 2025 மே மாதம் ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு பகுதியும் எத்தனை முறை ஓடியது என்பதை எல்லோரும் காணும்படி வைப்பதாக அறிவித்தது. சிறிய நிகழ்ச்சிகளுக்கு இது இழுக்காகும் என்று படைப்பாளர்கள் எதிர்த்தனர். சில நாட்களிலேயே, 50,000ஐ எட்டியபின் மட்டும் காட்டுவதென்று நிறுவனம் மாற்றிக்கொண்டது.

ஆகவே பலர் தொடக்ககால வழியையே நாடுகின்றனர்: தொகுப்பாளரே தம் குரலில் விளம்பரத்தைப் படித்து, ஒரு சலுகைக் குறியீட்டைச் சொல்வார். அது ஒலியிலும் காணொளியிலும் சேர்ந்தே பதிவாகிவிடும். எந்தத் தளமும் அதை நீக்குவதில்லை. குறியீட்டைப் பயன்படுத்திப் பொருள் வாங்கியவர்களை விளம்பரதாரர் எண்ணிக்கொள்கிறார். விளம்பரத்தைக் கேட்டு, குறியீட்டை மறந்து, கடைக்குப் போய் வாங்கியவர் மட்டும் இந்தக் கணக்கிலும் வருவதில்லை.