உஷார்! வேனுக்குள் வீடு கட்டப் போகிறீர்களா?

2024 டிசம்பர் 23. கேரளத்தின் வடகரையில் தேசிய நெடுஞ்சாலையோரம் ஒரு கேரவன் வெகுநேரம் அசையாமல் நின்றது. சந்தேகப்பட்டுப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது இரண்டு உடல்களை. ஒருவர் கதவருகே, இன்னொருவர் படுக்கையில். இருவரும் அந்த வண்டியின் ஊழியர்கள். சவாரி முடித்து ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஓய்வெடுத்தவர்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறி, கார்பன் மோனாக்சைடு நிரம்பியதுதான் காரணம் என்று தெரியவந்தது.

ஒயர் இழுக்க, பைப் இறக்க, தண்ணீர் வடிய என்று வேனை வீடாக்கும் கேம்பர் வேன் வேலையில் எத்தனை ஓட்டை போடுகிறோம்! அதனால்தான் இந்த எச்சரிக்கை.

பழைய டிராவலரோ ஆம்னியோ வாங்கி, தெரிந்த பட்டறையில் விட்டு, கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு லடாக் கிளம்பும் ஆசை இப்போது நம் ஊரிலும் பரவியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசையைக் கிளப்பும் வீடியோக்களில் மடக்கு மேசை வரும், மஞ்சள் விளக்குச் சரம் வரும். ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டுபவர்கள் மிகக் குறைவு. கட்டில் அரை அடி குட்டையானால் கால் மடக்கித் தூங்கலாம், காசு மட்டும்தான் நஷ்டம். புகை, கேஸ், கரண்ட், எடை இந்த நான்கில் விடும் தவறு நீங்கள் தூங்கும்போதோ மலை இறங்கும்போதோதான் முகத்தைக் காட்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் வருவது தலைவலியும் தூக்கமும். நாள் முழுக்க வண்டி ஓட்டியவருக்கு அது அசதி என்றுதான் தோன்றும். ஆகவே தளத்தில் போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் ரப்பர் வளையம் போட்டு சீலன்ட்டால் அடைத்திருக்கிறார்களா என்று பட்டறையிலேயே குனிந்து பாருங்கள். ஜெனரேட்டர் வண்டிக்கு அடியிலோ டிக்கியிலோ ஓடவே கூடாது. தூங்கும் நேரத்தில் எங்கேயும் ஓடக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவதும், குளிருக்கு உள்ளே கரியடுப்பு மூட்டுவதும் அதே கணக்கில்தான் சேரும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேனே என்ற சமாதானம் செல்லாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் இடத்தருகே மாட்டுங்கள். ஸ்பீக்கரைவிட முதலில் வாங்க வேண்டியது அது.

அடுத்தது கேஸ். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை ரயில் நிலையத்தருகே தனியாக நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது நினைவிருக்கும். லக்னோவிலிருந்து வந்த பயணிகள், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டர். நின்றிருந்தது ரயில் பெட்டியாக இருக்கலாம், ஆனால் கேம்பர் வேனும் படுக்கை, பை, சிலிண்டர் எல்லாம் நெருக்கியடித்த அதே மாதிரிக் கூண்டுதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தளத்தில் படியும். மேல் ஜன்னலும் கூரை ஃபேனும் அதை வெளியேற்றும் என்று நம்பாதீர்கள். சிலிண்டரை அறைக்குள்ளிருந்து முழுக்கப் பிரித்த பெட்டியில் நிமிர்த்தி வைத்து, பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் விட வேண்டும். வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். வீட்டு அடுப்பின் டியூப் அசையாமல் இருப்பதற்கானது. மேடுபள்ளத்தில் குலுங்கும் வண்டியில் அதன் இணைப்புகள் தளர்ந்துவிடும்.

இத்தோடு ஒரு கேள்வி. உங்கள் வண்டியின் பின்கதவு உள்ளிருந்து திறக்குமா? சரக்கு ஏற்றும் வேன்கள் பலவற்றில் திறக்காது. அதன் குறுக்கே கட்டிலையும் போட்டு, பக்கவாட்டுக் கதவை ஒட்டி அடுப்பையும் வைத்துவிட்டால், தீ அடுப்பில் பிடிக்கும்போது எந்த வழியாக வெளியே வருவீர்கள்? சுவருக்குள் அடைத்த தெர்மோகோலும் ஃபோமும் எரியும்போது யோசிக்க நேரம் இருக்காது. உள்ளிருந்து திறக்கும் இரண்டு வழி வேண்டும். தீயணைப்பான் கதவுப் பக்கம், கைக்கு எட்டும் இடத்தில்.

கரண்ட் விஷயத்தில்தான் கைதேர்ந்தவர்களே சறுக்குகிறார்கள். வீட்டு எலக்ட்ரீஷியன் கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் பழகியது 230 வோல்ட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வீட்டில் இழுப்பது 9 ஆம்பியருக்கும் குறைவு. அதையே வேனில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர் வழியாக ஓட்டினால் பேட்டரி ஒயரில் பாய்வது 167 ஆம்பியர். இன்வர்ட்டர் தின்னும் நஷ்டத்தையும் சேர்த்தால் 190-ஐ நெருங்கும். வீட்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இதன் முன்னால் வெறும் திரி. 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் கேட்கும் இடம் இது. விலையைக் கேட்டதும் பட்டறைக்காரர் ஒரு சைஸ் குறைப்பார், நீங்களும் தலையாட்டுவீர்கள். அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

ஃபியூஸ் காப்பாற்றுவது இன்வர்ட்டரை அல்ல, ஒயரை. அதனால் அது இன்வர்ட்டர் பக்கத்தில் இருந்து பயனில்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். முனைக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயர் தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. வீட்டு எம்.சி.பி.யைக் கொண்டுவந்து டி.சி.யில் மாட்டுவதும் நடக்கிறது. ஏ.சி. மின்சாரத்துக்குச் செய்தது டி.சி.யின் பொறியை அறுக்காமல் போகலாம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் குலுங்கலில் தளர்ந்து சூடேறும். ஒயர் முனையில் லக் வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்வதுதான் முறை. எஞ்சின் பேட்டரியோடு லித்தியம் பேட்டரியை நேராகக் கோத்தால் அது விடாமல் இழுத்து ஆல்டர்னேட்டரை எரித்துவிடலாம், நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் தேவை. அதே லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்கள் நிரந்தரமாகக் கெடும். லடாக் போகிறவர்கள் இதை பேட்டரி விற்றவரிடம் கேட்டுத் தெளியுங்கள். பழைய ஈய அமில பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைப்பவர்கள், சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் விடும் என்பதை மறக்க வேண்டாம்.

எடையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நாலு, ஒரு ஷீட்டே 30 கிலோவைத் தாண்டும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். இவ்வளவையும் பின்சக்கரத்தின் மேலும், மிச்சத்தைக் கூரையிலும் ஏற்றிக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் இறங்கிப் பாருங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளைத் தடுத்ததே, செங்குத்துச் சரிவில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளால்தான். வேலை முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, ஆட்களோடு எடைமேடையில் ஏற்றுங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் எதையாவது கழற்றுங்கள். பேட்டரியை ஸ்க்ரூ போட்டுப் பிளைவுட்டில் நிறுத்தினால் போதாது, சேஸிஸோடு போல்ட் போட வேண்டும். கட்டிலில் யாரையும் படுக்க வைத்துக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

கூரையில் ஃபேனுக்கு வெட்டிய விளிம்புக்கு பிரைமர் அடிக்காமல் விட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கும். இது உயிரை எடுக்காது, வண்டியை எடுக்கும்.

கடைசியாகச் சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரவிதி இருக்கிறது. ஆர்.சி.யில் கேம்பர் வேனுக்குத் தனி வகுப்பும் இருக்கிறது. அந்த வழியில் போகாத வண்டி விபத்தில் சிக்கினால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கலாம்.

மாற்றிக் கட்டிய பழைய வேன்கள் இப்போது விற்பனைக்கு நிறைய வருகின்றன. “பேப்பரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம் சார், எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க” என்று சொல்வார்கள். முதலில் ஆர்.சி.யை வாங்கி வண்டி வகுப்பையும் இருக்கை எண்ணிக்கையையும் பாருங்கள். உள்ளே இருப்பதோடு அது ஒத்துப்போகவில்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.